மலைக்கு ரூட் போடுறீங்களா? இறக்கத்துல இருந்து ஆரம்பிங்க

பொங்கல் லீவு நெருங்குது. "கொல்லிமலைக்கு சைக்கிள்ல போறோம் டாக்டர், ரூட் சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு இந்த மாசம் மட்டும் மூணு பேர் மேப் அனுப்பியிருக்காங்க. மூணும் அச்சு அசலா ஒண்ணுதான். ஸ்ரீரங்கத்துல ராத்திரி 3 மணிக்குக் கிளம்பி முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம் வழியா காரவள்ளி. அங்கேருந்து 70 கொண்டை ஊசி ஏறி மேலே ஒரு ராத்திரி. மறுநாள் முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கி தம்மம்பட்டி, துறையூர், மண்ணச்சநல்லூர் வழியா வீடு. ரெண்டு நாள், இருநூறு கிலோமீட்டருக்கு மேல. மேப்ல பார்க்க அழகான வட்டம்.

என் கருத்து: அந்த வட்டம்தான் பிரச்சினை. ஏன்னு சொல்றேன். நீளமான இழை, மலைக்குப் போற எண்ணம் இருக்கறவங்க பொறுமையா படிங்க.

திருச்சிக்காரங்க மலைக்குப் பழகினவங்க இல்ல. நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து நூறு மீட்டர் கூட இல்ல. காலையில முக்கொம்பு போயிட்டு வர்றோம், கல்லணை போயிட்டு வர்றோம், எல்லாம் ஆத்தங்கரை. நமக்குத் தெரிஞ்ச ஏத்தம்னா மேம்பாலம்தான். மலைக்கோட்டை இருக்கே, அதுல சைக்கிள் ஏறாது! அதனால மலைன்னதும் நம்ம பயம் முழுக்க ஏத்தத்து மேலதான் இருக்கு. "ஏறிடுவேனா, மூச்சு வாங்குமா, நடுவுல தள்ளிட்டுப் போகணுமா?" அதுக்கு மூணு மாசம் பயிற்சி எடுக்கறாங்க. இறக்கத்துக்கு ஒரு நாள் கூட யாரும் யோசிக்கறதில்ல, அது சும்மா கிடைக்கிற பரிசு மாதிரி.

மெடிக்கலா பார்த்தா நிலைமை தலைகீழ். ஏத்தத்துல உங்க வேகம் 7, 8 கிலோமீட்டர். அந்த வேகத்துல விழுந்தா முட்டி சிராய்க்கும், மணிக்கட்டு சுளுக்கும். முடியலன்னா இறங்கி உக்காந்துடலாம், ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. இறக்கத்துல 40, 50ல வரும்போது முடியலன்னு உக்கார முடியாது. சைக்கிளே தொழிலா இருக்கறவங்களையும் மலை எடுத்தது பெரும்பாலும் இறக்கத்துலதான். 1995 டூர் டி பிரான்ஸ்ல ஃபாபியோ கசார்தெல்லி பிரனீஸ் மலை இறக்கத்துல விழுந்து தலையில அடிபட்டு இறந்தார், ஹெல்மெட் இல்லை. அப்பவும் ஹெல்மெட் கட்டாயம் ஆகல. 2003ல பாரிஸ்-நீஸ் பந்தயத்துல அந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகுதான் ஆச்சு. 2023 ஜூன்ல சுவிட்சர்லாந்துல அல்புலா கணவாய் இறக்கத்துல ஜீனோ மேடர், வயசு 26. உலகத்தரமான சைக்கிள், வருஷம் முழுக்க இதே வேலை, பின்னாடியே டாக்டர் கார். அவங்களுக்கே இந்த நிலைமை.

அதனால ரூட் போடும்போது முதல் கேள்வி "எப்படி ஏறறது" இல்ல, "எந்த ரோட்டுல, எத்தனை மணிக்கு, எந்த உடம்போட இறங்கறது"ங்கறதுதான். அதை முடிவு பண்ணிட்டு அங்கேருந்து பின்னோக்கி திட்டம் போடுங்க.

முதல் விதியா நான் சொல்றது: ஏறின ரோட்டுலேயே இறங்குங்க. ஆப்ல இது அசிங்கமா இருக்கும், போன கோட்டு மேலேயே திரும்பி வர்ற மாதிரி. ஆனா ஏறும்போது ரெண்டு மணி நேரம் நடக்கற வேகத்துல அந்த ரோட்டை அங்குலம் அங்குலமா பார்த்திருக்கீங்க. எந்த வளைவுல ஜல்லி சிதறியிருக்கு, எங்க தார் பேந்திருக்கு, எங்க ஊத்துத் தண்ணி ரோட்டுக்குக் குறுக்க ஓடுது, எந்தத் திருப்பத்துல பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்குது, குரங்குக் கூட்டம் எங்க உக்காந்திருக்கு, எல்லாம் தெரியும். பார்க்காத ரோட்டுல முதல் தடவையா இறங்கறதுன்னா, படிக்காத கேஸ் ஷீட்டோட ஆபரேஷன் தியேட்டருக்குள்ள நுழையற மாதிரி. முள்ளுக்குறிச்சி வழி நல்ல வழியா இருக்கலாம், வளைவும் குறைவு. அடுத்த தடவை அந்தப் பக்கமா ஏறிப் பாருங்க, அதே வழியா இறங்குங்க.

வளைவு எண்ணிக்கை பத்தி ஒரு வார்த்தை. 70 கொண்டை ஊசின்னு பனியன்ல அச்சடிச்சுப் போட்டுக்கறோம். வளைவு எத்தனைங்கறதுக்கும் மலை எவ்வளவு கஷ்டம்ங்கறதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. சொல்லப்போனா, வளைச்சு வளைச்சு ரோடு போடறதே சரிவைக் குறைக்கத்தான். காரவள்ளியிலிருந்து மேலே போக சுமார் 900 மீட்டர் உயரம், 70 வளைவு. சேலத்துல இருந்து ஏற்காடு ஆயிரம் மீட்டருக்கு மேல, 20 வளைவுதான். பிரான்ஸ்ல புகழ்பெற்ற ஆல்ப் துயெஸ் 21 வளைவுதான், ஆனா 13.8 கிலோமீட்டருக்கு சராசரி சரிவு 8.1 சதவீதம். ஏறத்தாழ 1,100 மீட்டர். கல்லட்டியில 36 வளைவு. ஒரு தடவை அதுல ஏறிப் பார்த்தவங்க கொல்லிமலையைக் கஷ்டம்னு சொல்ல மாட்டாங்க. 2008ல இருந்து நடக்கற டூர் ஆஃப் நீல்கிரிஸ் போயிட்டு வந்தவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, கல்லட்டின்னு சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும்.

பார்க்க வேண்டியது ரெண்டே எண். எத்தனை மீட்டர் உயரம், அது எத்தனை கிலோமீட்டர்ல. 20 கிலோமீட்டர்ல 1,000 மீட்டர்னா சராசரி 5 சதவீதம். ஓரளவு பயிற்சி இருக்கற ஆள் மணிக்கு 400லிருந்து 500 மீட்டர் உயரம் ஏறலாம். அப்போ 900 மீட்டருக்கு ரெண்டு மணி நேரம், போட்டோ, டீ எல்லாம் சேர்த்து மூணு. மலையில தூரத்தை வச்சு நேரம் கணக்குப் போடக்கூடாது, உயரத்தை வச்சுப் போடணும். ஸ்காட்லாந்துல நெய்ஸ்மித்னு ஒருத்தர் 1892லேயே நடந்து மலையேறறவங்களுக்கு ஒரு சூத்திரம் சொன்னார்: மூணு மைலுக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 2,000 அடி ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். சைக்கிளுக்கு எண்கள் மாறும், முறை அதேதான். நம்மாளுங்க மேப்ல "25 கிலோமீட்டர், முக்கொம்பு போயிட்டு வர்ற தூரம் கூட இல்லையே, ஒரு மணி நேரம்"னு போட்டிருக்காங்க.

கியர் விஷயம் சுருக்கமா. முன்னாடி சின்ன சக்கரத்துல 34 பல், பின்னாடி பெரிய சக்கரத்துல 32 அல்லது 34 பல் இருந்தா நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் போதும். பழைய 39-25 செட்டோட போனா 8 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 40 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறற மாதிரி முட்டிச் சில்லை அமுக்கும். மறுநாள் "டாக்டர், முட்டி வலி"ன்னு வராதீங்க. கேசட் மாத்தற செலவு எம்ஆர்ஐ ஸ்கேனை விடக் கம்மி.

இப்ப இறக்கத்துக்கு வருவோம். நீங்க 72 கிலோ, சைக்கிள், பை, தண்ணி எல்லாம் 13 கிலோன்னு வைங்க. 85 கிலோவை 900 மீட்டர் கீழே கொண்டு வரும்போது வெளியாகிற சக்தி கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். காத்து ஒரு பங்கு எடுத்துக்கும். மெதுவா இறங்கினா காத்து எடுக்கறது குறைவு, மீதி அத்தனையும் உங்க பிரேக்குக்குள்ள போகுது. ரிம் பிரேக்னா ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். டிஸ்க்னா பேட் பளபளன்னு ஆகி பிடிக்காம வழுக்கும். பயந்த ஆள் என்ன பண்ணுவார்? பிரேக்கை லேசா அமுக்கினபடியே கீழே வரைக்கும் வருவார். அதான் மோசம். நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமா பிடிச்சு வேகத்தைக் கொன்னுட்டு, வளைவுக்குள்ள விட்டுடணும். பத்து வளைவுக்கு ஒரு தடவை நின்னு கையை உதறுங்க, ரிம்மைத் தொடாம கிட்ட கை வச்சுப் பாருங்க. 70 வளைவுன்னா ஏழு தடவை நிக்கணும். வெக்கப்படாதீங்க, விரல் மரத்துப் போனா பிரேக் பிடிக்க ஆள் இல்லாத சைக்கிள்தான் அது.

ஏறின அன்னிக்கே இறங்காதீங்கன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம். ரெண்டு மூணு மணி நேரம் ஏறின பிறகு தொடை மட்டும் களைக்கறதில்ல, கழுத்து, முன்கை, கவனம் எல்லாம் களைச்சிருக்கும். சாப்பிட்டது தீர்ந்து சர்க்கரை இறங்கியிருக்கும். சாயங்காலம் வெளிச்சம் குறையும். டூரிஸ்ட் கார் எல்லாம் அதே நேரத்துக்குத்தான் இறங்கும். மேலே தூங்குங்க. மறுநாள் பனி விலகி ரோடு தெரிஞ்சு காஞ்ச பிறகு, 8 மணி 9 மணிக்கு இறங்குங்க. ஜனவரியில அதுக்கு முன்னாடி இறங்கி என்ன சாதிக்கப் போறோம்?

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மேலே போன சாயங்காலமே ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறுவாங்க. ஆயிரத்துக்கும் மேல படி. சைக்கிள் மிதிக்கறப்போ தசை சுருங்கி வேலை செய்யுது, படி இறங்கறப்போ அதே தொடைத் தசை இழுபட்டுக்கிட்டே வேலை செய்யுது. பழக்கமில்லாதவங்களுக்கு மறுநாள் தொடை நடுங்கும், பெடல் மேல நின்னு உடம்பைத் தாங்க முடியாது. அருவி பார்க்கணும்னா மேலே கூட ஒரு நாள் தங்குங்க. இல்லன்னா அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுட்டுத் திரும்பிடுங்க.

தலைக்காயம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ரூட் தீர்மானிக்கறதே இதுதான். தலையில அடிபட்டு ஒரு நிமிஷம் நினைவு தப்பி, பிறகு எழுந்து நல்லா பேசி, டீ குடிச்சு, "ஒண்ணுமில்லப்பா"ன்னு சிரிக்கற ஆளுங்க இருக்காங்க. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தக்குழாய் கிழிஞ்சிருந்தா இப்படித்தான் இருக்கும். சில மணி நேரம் தெளிவா இருப்பாங்க, பிறகு தலைவலி, வாந்தி, தூக்கம், அப்புறம் எழுப்ப முடியாது. சீக்கிரமா சிடி எடுத்து ஆபரேஷன் பண்ணினா முழுசா பிழைக்கற காயம் இது. அதே ஆளை "ரெஸ்ட் எடுக்கட்டும்"னு லாட்ஜ் ரூம்ல படுக்க வச்சா காலையில என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல. மூளை அறுவை சிகிச்சை மலை மேல கிடையாது. கீழேதான், அதே 70 வளைவு தாண்டி. ஆக மலையில தலை அடிபட்டு கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியவர், எவ்வளவு நல்லா பேசினாலும், உடனே கீழே இறக்கப்படணும். சைக்கிள்ல இல்ல, வண்டியில. இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே குழுவுல பேசி முடிவு பண்ணிக்குங்க. அடிபட்டவர் "வேண்டாம்"னுதான் சொல்வார், அவர் பேச்சைக் கேக்கக்கூடாதுன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டா சண்டை வராது.

108க்கு போன் பண்ணும்போது "கொல்லிமலையில இருக்கோம்"னு சொல்லாதீங்க. கொண்டை ஊசி ஒவ்வொண்ணுக்கும் எண் எழுதி பலகை இருக்கு. "காரவள்ளி ரோடு, 43வது வளைவுக்குக் கொஞ்சம் கீழே"ன்னு சொன்னா ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போதும். சிக்னல் எல்லா வளைவுலயும் கிடைக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க, ஏறும்போதே எங்க சிக்னல் வருதுன்னு பார்த்துக்கிட்டே போங்க. பணம் பத்தி யோசிச்சு ஒரு நிமிஷம் கூட வீணாக்காதீங்க. தமிழ்நாட்டுல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம். அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்ல, பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரியும் சேரும்.

சரி, சமவெளிப் பகுதி. அந்த ராத்திரி 3 மணிக் கிளம்பல் எனக்குச் சுத்தமா பிடிக்கல. கேஷுவால்டிக்கு வர்ற சைக்கிள்காரங்க பெரும்பாலும் ஹெல்மெட், லைக்ரா ஆசாமிங்க இல்ல. இருட்டோட கட்டட வேலைக்கோ, பூ மார்க்கெட்டுக்கோ போறவங்க. பின்னாடி லைட் இல்லாத சாதா சைக்கிள், பின்னாலேருந்து வண்டி. அவங்களுக்கு வேற வழியில்ல, பொழப்பு. லீவுக்குப் போற நமக்கு வழி இருக்கு. முசிறி ரோட்டுல அந்த நேரத்துல வாழைத்தார் லோடு, கரும்பு டிராக்டர், தூக்கத்துல ஓட்டற டிரைவர் எல்லாரும் உண்டு. தூங்காத ராத்திரிக்கு அப்புறம் நூறு கிலோமீட்டர் மிதிச்சுட்டு மலை ஏற ஆரம்பிச்சா, ஏத்தம் தொடங்கறது உச்சி வெயில்ல. மெதுவா போறப்போ காத்து கிடையாது, வேர்வை காயாது. 200 கிலோமீட்டர் பிரவே ஓட்டி மெடல் வாங்கினவங்களுக்குச் சொல்றேன்: அது பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடிக்கற பரீட்சை. இது லீவு.

வெளிநாட்டுல மலை சைக்கிள் ஹாலிடேன்னா பெரும்பாலும் ஒரு அடிவார ஊர்ல ரூம் போட்டு, தினம் ஒரு மலைன்னு ஏறி இறங்குவாங்க. ஆல்ப் துயெஸ்க்குக் கீழே லெ பூர் த்வாசான்னு ஒரு சின்ன ஊர், அதோட பொழப்பே இதுதான். நம்ம லெ பூர் த்வாசான் துறையூர்! சிரிக்காதீங்க. மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, நடுவுல துறையூர். ஸ்ரீரங்கத்துல இருந்து சுமார் 45 கிலோமீட்டர், விடிஞ்ச பிறகு கிளம்பி திருவெள்ளறையில நின்னு, ஸ்வஸ்திக் கிணத்தைப் பார்த்து, இட்லி சாப்பிட்டு, புலிவலம் வழியா போனாலும் மத்தியானத்துக்கு முன்னாடி போய்ச் சேரலாம். முதல் நாள் அவ்வளவுதான். ரெண்டாம் நாள் பச்சைமலை. மறுநாள் இறங்கி வந்து ஓய்வு. இன்னொரு நாள் சமதளமா புளியஞ்சோலை, ஓடையில குளியல். புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலைக்கு ஆப் வழி காட்டினா நம்பாதீங்க, அது நடந்து ஏறற காட்டுப்பாதை, சைக்கிள் ரோடு இல்ல. காரவள்ளி வழி கொல்லிமலைக்கு சைக்கிளைக் கார்ல ஏத்திக்கிட்டு அடிவாரம் வரைக்கும் போறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது.

உடம்பு பத்தி மூணு விஷயம், வேகமா.

வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா குடிக்காதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சப்போ 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. நிறைய குடிச்சு ஓட்டத்துலேயே எடை கூடினவங்களுக்குத்தான் அதிகம். தாகத்துக்குக் குடிங்க, ஒரு பாட்டில்ல ஓஆர்எஸ் வச்சுக்குங்க, மணிக்கு ஒரு தடவை ரெண்டு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிடுங்க.

கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கற பழக்கம் நம்ம குழுக்கள்ல இருக்கு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவா இருந்தாலும் வேர்த்து வறண்ட உடம்புல அது சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். அதோட தசையும் சிதைஞ்சா சிறுநீர் கடுங்காப்பி நிறத்துல போகும். அந்த நிறம் பார்த்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இதுவரைக்கும் பழகின ஆள் "எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது ஆதாரம் இல்ல.

ஏத்தத்துல நெஞ்சு இறுக்கம், இடது கையோ தாடையோ கனக்கறது, வழக்கத்தை மீறின வேர்வை, இதெல்லாம் "கேஸ்" இல்ல. நிறுத்துங்க, இசிஜி எடுங்க. சர்க்கரை, பிரஷர், புகை, குடும்பத்துல சின்ன வயசு மாரடைப்பு, இதுல ஏதாவது இருந்தா லீவுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாருங்க. கிளம்பற முந்தின நாள் வாட்ஸப்ல கேக்காதீங்க. அப்புறம், உயர நோய்க்கு டயமாக்ஸ் வேணுமான்னு கேட்டவருக்கு: பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் அந்தப் பேச்சு. ஊட்டியே 2,240. லடாக் போறப்போ கேளுங்க.

முதல் தடவை மலை ஏறறவங்களுக்கு என் சிபாரிசு கொல்லிமலை இல்ல, பச்சைமலைதான். நம்ம மாவட்டம், உப்பிலியபுரம் தாண்டி சோபனபுரத்துல ஏத்தம் ஆரம்பம், மேலே டாப் செங்காட்டுப்பட்டி. உயரம் குறைவு, அதனால இறக்கமும் குறைவு. பேரு இல்லாததால டூரிஸ்ட் கூட்டமும் அவ்வளவா கிடையாது, பனியன்ல அச்சடிக்க எண்ணும் கிடையாது. அங்க ஒரு தடவை ஏறி, ராத்திரி தங்கி, மறுநாள் காலையில நிதானமா இறங்கிப் பாருங்க, உங்க பிரேக்கும் கையும் எப்படின்னு தெரிஞ்சிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கற நாள்ல கொல்லிமலை ரோடு வேண்டவே வேண்டாம். மழை முடிஞ்ச ஜனவரி, பிப்ரவரி, அதுவும் வார நாள்னா இன்னும் நல்லது. மேலே 700 சி டியூப் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க. பிரேக் பேட் ஒரு ஜோடி புதுசு.